பிணை நின்றவரும் வாசலில் நின்றவரும்

கடன் பற்றித் தமிழர் நாவில் புழங்கும் சொற்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தால் வியப்பு மேலிடும். அசல், பாக்கி, வசூல், கிஸ்தி, ஜப்தி, ராஜி, கைது, ஜாமீன் ஆகிய இவை அனைத்தும் அரபு மூலமுடையவை. பாரசீகத்தின் வழியாகவும், நவாபுகளின் கச்சேரிகள் வழியாகவும் வந்து நம் வழக்கில் கலந்து, இன்று எந்தச் சமயத்தவரும் எடுத்தாளும் சொற்களாகிவிட்டன. கதவில் ஜப்தி அறிவிப்பை ஒட்ட வரும் நீதிமன்றச் சேவகரை 'அமீனா' என்கிறோம். 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். அவர் வருவதைக் கண்டு கதவைச் சாத்தும் குடும்பத்தார்க்கு இந்தச் சொல்லின் மூலம் தெரியாதது ஒருவகையில் நல்லதே. 'வசூல்' என்பதற்கு வந்து சேருதல் என்பது மூலப்பொருள். முதலில் வந்து சேர்ந்தது பணம். ஆள் வந்து சேர்வது பிற்கால வழக்கம்.

இவற்றுள் நாம் ஆராய எடுத்துக்கொள்வது 'ஜாமீன்' என்னும் சொல். அரபியில் இது 'ளாமின்', அதாவது பொறுப்பேற்பவர். அவர் ஏற்கும் பொறுப்பு 'ளமான்' அல்லது 'கஃபாலத்' எனப்படும். தமிழில் இதற்குப் பிணை என்றும் புணை என்றும் பழஞ்சொற்கள் உண்டு. புணை என்பது ஆற்றைக் கடக்க உதவும் தெப்பத்தையும் குறிக்கும், கடனுக்கு நிற்கும் ஈட்டையும் குறிக்கும். கரையேறுபவன் ஒருவன், நீரில் நனைவது மற்றொன்று என்ற உண்மையைச் சொல்லாக்கிய முன்னோர் பிணையின் இயல்பை நன்கறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

பிள்ளையின் படிப்புக்காக வங்கியில் வாங்கும் கடனுக்கு உறவினர் ஒருவர் கையெழுத்திடுவதும், தவணை தவறியபின் வசூலிக்க வருபவர்கள் அந்த உறவினரைத் தேடி வந்து மிரட்டுவதும் நம் காலத்துத் துன்பங்களுள் ஒன்று. துன்பம் புதியதாயினும் அதனுள் அடங்கிய இரு வினாக்கள் பழையவை. பிணை நின்றவரிடம் கேட்கலாமா என்பது ஒன்று. கேட்பதற்கு எல்லை எது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குச் சட்டங்கள் பெரும்பாலும் கடுமையாகவே விடையளித்துள்ளன. ஆனால் அதே சட்டங்கள் இரண்டாம் வினாவில் எவ்வளவு கவனம் செலுத்தின என்பது பலர் அறியாதது.

பிணையைப் பற்றிய ஹதீஸ்களுள் அறிஞர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது புகாரியில் ஸலமா இப்னு அக்வஃ (ரலி) அறிவிப்பதாகும். ஒரு ஜனாஸா தொழுகைக்காகக் கொண்டுவரப்பட்டது. இறந்தவர் மூன்று தீனார் கடன் வைத்திருந்தார், ஈடுசெய்யச் சொத்து ஏதும் விட்டுச் செல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) தாம் தொழுவியாமல், தோழர்களையே தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அப்போது அபூகதாதா (ரலி) முன்வந்து அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்றார். அதன் பிறகே நபிகளார் தொழுவித்தார்கள். ஜாபிர் (ரலி) வழியாக வரும் மற்றோர் அறிவிப்பில் தொகை இரண்டு தீனார். மறுநாள் நபிகளார் அபூகதாதாவைக் கண்டதும் அந்த இரு தீனார்கள் என்னவாயின என்று வினவினார்கள் என்றும் அதில் வருகிறது. பொறுப்பேற்றவரை மறுநாளே விசாரிக்கும் இச்செய்தி, பிணை என்பது வாய்ச்சொல் உபசாரம் அன்று என்பதைக் காட்டுகிறது.

இந்த ஹதீஸையே வைத்து இமாம்களிடையே எழுந்த விவாதம் சுவையானது. வறியவராய் இறந்துவிட்டவரின் கடனுக்குப் புதிதாய்ப் பிணையேற்க இயலாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. கடனைச் சுமக்கும் ஆளே இல்லாதபோது எதனோடு எதைச் சேர்ப்பது என்பது அவர்களின் வினா. அபூகதாதாவின் சொல் முன்பே ஏற்றிருந்த பொறுப்பை உறுதிப்படுத்தியதாக இருக்கலாம் என்று ஹனஃபி நூல்கள் விளக்கம் தருகின்றன. அவர்களின் இரு மாணாக்கர்களான அபூயூசுஃபும் முஹம்மதும், இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) செல்லும் என்றனர். ஆசிரியரை மாணாக்கர் மறுப்பதும், இரு கருத்துகளும் ஒரே நூலில் பக்கம் பக்கமாய் அமர்ந்திருப்பதும் அக்கால அறிவுலகின் வழக்கம்.

பிணை என்பது கொடை. இதில் நான்கு மத்ஹபுகளின் போக்கும் ஒன்றே. பிணை நிற்பதற்குக் கூலி வாங்குவதைப் பெரும்பாலான அறிஞர் தடுத்தனர். கொடை என்பதாலேயே, விவரம் அறியாச் சிறுவனின் பிணை செல்லாது. மனநிலை பிறழ்ந்தவரின் பிணையும் செல்லாது. ஆனால் தெளிந்த அறிவோடு ஏற்றவர் பின்வாங்க வழியில்லை.

கடன் கொடுத்தவர் யாரிடம் முதலில் செல்ல வேண்டும்? ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி அறிஞர்கள், கடனாளியிடமும் கேட்கலாம், பிணையாளியிடமும் கேட்கலாம், விருப்பம் கடன் கொடுத்தவருடையது என்றனர். கடனாளியை 'அஸீல்' என்றும் பிணையாளியை 'கஃபீல்' என்றும் நூல்கள் அழைக்கும். நாம் சொல்லும் 'அசல்' என்பதும் இந்த 'அஸீல்' பிறந்த வேரிலிருந்து வந்ததே. மாலிக்கி மத்ஹபின் புகழ்பெற்ற கருத்து வேறுபடுகிறது. கடனாளி ஊரில் இருந்து, கொடுக்கும் வசதியும் உடையவனாயின், அவனை விட்டுவிட்டுப் பிணையாளியின் கதவைத் தட்டக்கூடாது. அவன் மறைந்துவிட்டாலோ நொடித்துவிட்டாலோதான் பிணையாளியிடம் செல்லலாம். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பாடம் நடத்தும்போது ஷாஃபிஈ நூலின்படி நடத்துகிறேன். பிணை நின்ற ஏழைகளின் முகத்தைப் பார்க்கும்போது மாலிக்கிகளின் பக்கம் மனம் சாய்கிறது.

நம் நாட்டுச் சட்டம் பெரும்பான்மையோர் பக்கமே நின்றது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 126 முதல் 147 வரையிலான பிரிவுகள் பிணையைப் பற்றியவை. ஏறத்தாழ அதே காலத்தில், 1869க்கும் 1876க்கும் இடையே, உஸ்மானியப் பேரரசில் ஹனஃபி சட்டத்தை விதிகளாகத் தொகுத்த 'மஜல்லா'வின் மூன்றாம் நூல் கஃபாலத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒன்று இங்கிலாந்துச் சட்டத்தின் வழி வந்தது, மற்றொன்று கூஃபா நகரத்துச் சிந்தனையின் வழி வந்தது. எனினும் யாரிடம் கேட்பது என்ற வினாவுக்கு இரண்டும் ஒரே விடை தருகின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு இல்லாதவரை, பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. 1969ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற பீகார் வங்கி - தாமோதர் பிரசாத் வழக்கில், முதலில் கடனாளியிடம் எல்லா வழிகளையும் முயன்றுவிட்டுத்தான் பிணையாளியிடம் வரவேண்டும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிணையாளியின் கடமை உடனே கொடுப்பது என்பது அதன் முடிவு.

சிறு வேறுபாடு ஒன்றுண்டு. கடனாளிக்குக் கடன் கொடுத்தவர் தவணை நீட்டித்தால், அந்த நீட்டிப்பு பிணையாளிக்கும் சேரும் என்பது ஹனஃபி நூல்களின் விதி. ஒப்பந்தச் சட்டத்தின் 135ஆம் பிரிவோ, பிணையாளியின் சம்மதமின்றி அவ்வாறு நீட்டித்தால் அவர் பொறுப்பிலிருந்தே விடுபடுவார் என்கிறது. பிணையாளிக்கு இது பெரிய அரண்தான். ஆனால் வங்கிகளின் அச்சிட்ட படிவங்களில் இத்தகைய உரிமைகளையெல்லாம் விட்டுக்கொடுப்பதாகப் பொடி எழுத்தில் வாசகம் இருப்பது வழக்கம். கடனை எழுதுமாறும் சாட்சி வைக்குமாறும் பணிக்கும் 'பகரா' அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. தாமே வாசகம் சொல்ல இயலாதவர், பலவீனர் ஆகியோர் சார்பில் அவருடைய பொறுப்பாளர் வாசகம் சொல்ல வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஓதத் தெரிந்த நாம்கூட, அச்சிட்டதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறோம்.

இனி, வாசலில் நிற்பவரின் வரலாற்றுக்கு வருவோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுகள் 'மஅபர்' என்றழைத்த சோழமண்டலக் கரைப் பகுதியின் வழக்கம் ஒன்றைக் குறித்துள்ளார். பலமுறை கேட்டும் கொடுக்காமல் இழுத்தடிக்கும் கடனாளியைக் கண்டால், கடன் கொடுத்தவர் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைவார். கடனைத் தீர்க்கும்வரை அல்லது பிணை கொடுக்கும்வரை அவன் அந்த வட்டத்தைத் தாண்டமாட்டான், தாண்டினால் கடுந்தண்டனை. நாட்டின் அரசரே அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குக் கடன் தராமல் நாள் கடத்தியபோது, அவ்வணிகர் குதிரையோடு சேர்த்து அரசரைச் சுற்றி வட்டமிட்டதையும், பணம் வந்து சேரும்வரை அரசர் அசையாமல் நின்றதையும் தாம் கண்டதாகப் போலோ கூறுகிறார். இங்கே ஆயுதமில்லை, வசைமொழி இல்லை. மண்ணில் கீறிய கோட்டுக்கு அரசனும் கட்டுப்பட்டான்.

ஹனஃபி நூல்களில் 'முலாஸமத்' என்று ஒரு தலைப்பு உண்டு. கடனாளியை விடாமல் உடன்தொடர்தல் என்பது அதன் பொருள். வசூலிப்பவரின் நடத்தைக்கு இவ்வளவு நுணுக்கமாக விதி வகுத்த பழஞ்சட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஹிஜ்ரி 593இல், அதாவது 1197இல், மறைந்த புர்ஹானுத்தீன் மர்கீனானி (ரஹ்) இயற்றிய 'ஹிதாயா'வில் இது விரிவாக வருகிறது. கடன் கொடுத்தவர் கடனாளியோடு சுற்றலாம். ஆனால் அவன் தொழில் செய்வதையோ பயணம் போவதையோ தடுக்கலாகாது. ஓரிடத்தில் அடைத்துவைக்கலாகாது. செலவு போக மிஞ்சும் சம்பாத்தியத்தை எடுத்துக்கொள்ளலாம். தன் தேவைக்காக அவன் வீட்டினுள் நுழைந்தால் பின்தொடர்ந்து நுழையக்கூடாது, அவன் வெளிவரும்வரை வாசலில் அமர்ந்திருக்க வேண்டும். கடனாளி பெண்ணாயிருந்தால் ஆண் தொடரக்கூடாது, நம்பிக்கையான பெண் ஒருத்தியை அனுப்ப வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடுகளோடும்கூட இமாமின் மாணாக்கர் இருவரும் இதை ஏற்கவில்லை. ஒருவன் வறியவன் என்று காழி தீர்ப்பளித்த பிறகு, அவனிடம் பொருள் இருப்பது நிரூபணமாகும்வரை யாரும் அவனைத் தொடரக்கூடாது என்றனர். ஷாஃபிஈ மத்ஹபும் இதையே சொல்லும்.

சார்லஸ் ஹாமில்ட்டன் 1791இல் இந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார், கம்பெனி நீதிமன்றங்களில் அது கையாளப்பட்டது. அதே காலத்தில் காசிப் பகுதியில் 'தர்ணா' என்னும் வழக்கம் கம்பெனி அதிகாரிகளைத் திகைக்கவைத்தது. கடன் கொடுத்தவருக்காக அந்தணர் ஒருவர் கத்தியோ நஞ்சோ கையில் கொண்டு கடனாளியின் வாசலில் உண்ணாமல் அமர்வார். அவர் உண்ணாதவரை வீட்டாரும் உண்ண அஞ்சுவர். 1795இல் கம்பெனி அங்கு இதைத் தடுத்தது. பின்னர் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு, தெய்வ கோபத்தைக் காட்டி ஒருவரை வற்புறுத்துவதைக் குற்றமாக்கியபோது, வாசலில் தர்ணா அமர்வதையே அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தது. இன்று அரசியல் கட்சியினர் நடத்தும் தர்ணாவுக்கு மூலம் ஒரு கடன் வசூல் முறை என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

தமிழ்நாட்டார் நன்கறிந்தவன் ஈட்டிக்காரன். ஆப்கானிய மலைப்பகுதிகளிலிருந்து வந்து, கம்பும் தலைப்பாகையுமாக ஊர் ஊராகத் திரிந்து வட்டிக்குக் கொடுத்த பட்டாணியரை மக்கள் இப்பெயரால் அழைத்தனர். கொடுத்த கடனைக் கேட்டு ஓயாமல் நிற்பவரை 'ஈட்டிக்காரன் மாதிரி நிற்கிறான்' என்று சொல்வது இன்றும் வழக்கில் உண்டு. வட்டியைக் கொடிய பாவமென்று கேட்டு வளர்ந்த சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் வட்டிக்கே பெயர்பெற்றது வேதனைக்குரிய செய்தி. அதை மறைப்பதில் பயனில்லை. சம்பள நாளில் ஆலை வாயில்களில் இத்தகையோர் காத்து நின்று தொழிலாளரை வளைத்துக்கொள்வதை, 1931இல் வெளியான விட்லி ஆணையத்தின் தொழிலாளர் அறிக்கை கண்டித்து, அவ்வாறு சூழ்ந்து நிற்பதைக் குற்றமாக்கப் பரிந்துரைத்தது. வங்காளம் 1934இல் சட்டம் கொணர்ந்தது. 1946ஆம் ஆண்டின் பம்பாய் லேவாதேவிச் சட்டம், கடனாளியை இடத்துக்கு இடம் விடாமல் தொடர்வதும், வீட்டருகிலோ வேலை செய்யும் இடத்தருகிலோ சுற்றி நிற்பதும் தொல்லை தருதல் என்னும் குற்றம் என்றது. ஹிதாயா வாசலில் அமர அனுமதித்தது, பம்பாய்ச் சட்டம் அதையும் நீக்கிற்று.

சிறையின் கதை தனி. கொடுக்க இயலாதவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்வது பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். வசதியிருந்தும் இழுத்தடிப்பதை நபிகளார் அநீதி என்றார்கள். இவ்விரண்டையும் கொண்டு, இல்லாதவன் வேறு, இல்லையென்று நடிப்பவன் வேறு என்று ஃபிக்ஹ் பிரித்தது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தப் பிரிவினை 1936இல்தான் திருத்தமாக நுழைந்தது. அதன் முழுப் பொருளையும் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் - கொச்சி வங்கி வழக்கில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் விரித்துரைத்தார். கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையிலடைக்க இயலாது, கெட்ட எண்ணத்தோடு மறுத்தது நிறுவப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. 'போலீஸ் வந்து பிடித்துப்போகும்' என்று தொலைபேசியில் மிரட்டுபவர்கள் இத்தீர்ப்பைக் கேள்விப்பட்டவர்களாகத் தெரியவில்லை.

கல்விக் கடன் நாடெங்கும் பரவியது 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்துக்குப் பிறகுதான். அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை பெற்றோர் உடன் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அதற்குமேல் 7.5 லட்சம் வரை மூன்றாமவர் ஒருவரின் பிணை கேட்கப்பட்டது. அதற்கும் மேற்பட்டால் சொத்து ஈடு. உடன் கடனாளி வேறு, பிணையாளி வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்னவர் தாமே கடனாளி. பின்னவருக்கே ஒப்பந்தச் சட்டத்தின் பிணைப் பிரிவுகள் பொருந்தும். 2015இல் அரசு, கல்விக் கடனுக்கெனத் தானே ஓர் உத்தரவாத நிதியை ஏற்படுத்தி 7.5 லட்சம் வரை மூன்றாமவர் பிணையின் தேவையைக் குறைத்தது. 2024இல் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிலையங்களில் சேர்வோருக்குப் பிணையின்றிக் கடன் என்றது. இதற்கெல்லாம் முன்பு கையெழுத்திட்டவர்களோ தம் கையெழுத்தைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படிச் சுமந்தவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்த தையற்காரர். தந்தையை இழந்த தம் சகோதரி மகனின் பொறியியல் படிப்புக்காக 2012இல் பெற்ற ஐந்து லட்ச ரூபாய்க் கடனுக்கு, சகோதரி உடன் கடனாளியாகவும் இவர் பிணையாளியாகவும் கையெழுத்திட்டனர். பையன் தேறினான், தகுந்த வேலை கிடைக்கவில்லை. வங்கி வசூல் பொறுப்பை வெளியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. சுபுஹுக்கு முன்பே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. கடை வாசலில் இருவர் வந்து நின்று, துணி தைக்க வந்தவர்கள் கேட்கத் தொகையைச் சொன்னார்கள். ஜமாஅத்தில் வந்து சொல்வோம், தெருவில் படம் ஒட்டுவோம் என்றார்கள். வட்டியைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு இடத்தில் பேசவேண்டியது. இங்கே பேச்சு அவருடைய மானத்தைப் பற்றியது. "பணத்துக்காக நான் அழவில்லை ஹஜ்ரத், கடைக்குப் போக வெட்கமாக இருக்கிறது" என்றார்.

வாசலில் நின்ற அவ்விருவருக்கும் ஹிதாயாவின் கட்டுப்பாடு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2007இல் ஒரு வழக்கில், வங்கிகள் தடியாட்களை ஏவக்கூடாது, சட்ட வழியிலேயே வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டது. எந்த வசூல் நிறுவனத்திடம் கணக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதை வங்கி தெரிவிக்க வேண்டும். வருபவர் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். அவர் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டு சுற்றறிக்கை இன்னும் தெளிவாக, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைப்பதையும், பொதுவிடத்தில் அவமானப்படுத்துவதையும், குடும்பத்தார் நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் தடுத்தது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமும் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது.

தையற்காரர் செய்தது எளிய காரியம். அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவந்தார். அடுத்த முறை வந்தவர்களிடம் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டார், அவர்களிடம் இல்லை. வங்கிக்குப் பதிவஞ்சலில் எழுதினார். கடனை மறுக்கவில்லை, கணக்கு விவரம் கேட்டார், நடந்ததைத் தேதியோடு சொன்னார். முப்பது நாளில் விடை வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடப்போவதாகவும் குறிப்பிட்டார். அதற்குள் விடை வந்தது. வசூல்காரர் வருகை நின்றது. சிறு தவணைகளாகக் கட்ட ஏற்பாடாயிற்று.

புகாரியில் வரும் மற்றொரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. தாம் கொடுத்த ஒட்டகத்தைத் திரும்பக் கேட்டு ஒருவர் நபிகளாரிடம் கடுமொழி பேசினார். தோழர்கள் அவர்மேல் பாயப் பார்த்தனர். உரிமையுள்ளவருக்குப் பேச உரிமை உண்டு என்று நபிகளார் தடுத்து, அவருடையதைவிட உயர்ந்த ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். இதை எடுத்துக்காட்டி, வசூல்காரரின் வசையையும் பொறுக்க வேண்டாமா என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கடன் கொடுத்தவர் தம் வாயால் கேட்ட கடுமொழி அது. கூலிக்கு அமர்த்தப்பட்டவர் பிறர் முன்னிலையில் செய்யும் இழிவை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

தையற்காரர் சென்ற ஆண்டு என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். தாம் கட்டிய தொகையை மருமகனிடம் திருப்பிக் கேட்கும் உரிமை தமக்கு உண்டா என்பது அவர் வினா. கடனாளியின் அனுமதியோடு பிணை நின்று, கடனையும் செலுத்தியவருக்கு அவனிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை உண்டு. அனுமதியின்றித் தாமாக ஏற்றிருந்தால், ஷாஃபிஈ, ஹனஃபி நூல்களின்படி அது கொடையாகவே போய்விடும். ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவும் பிணையாளிக்கு இவ்வுரிமையைத் தருகிறது. பிணை நிற்கச் சொன்னது சகோதரிதான், மருமகன் வாய் திறந்து கேட்கவில்லை என்பது அவருடைய ஐயம். அவனும் அதே நாளில் அதே மேசையில் கையெழுத்திட்டானா என்று கேட்டேன். இட்டான் என்றார். அதுவே அனுமதி, உரிமை உண்டு என்றேன். கேட்கப்போவதாக அவர் சொல்லவில்லை. கட்டிய ரசீதுகளையெல்லாம் பித்தான் போட்டுவைக்கும் தகர டப்பாவில் அடுக்கி வைத்திருப்பதாக மட்டும் சொன்னார்.